பதினோரு பாட்டில் வேகும் ரொட்டி

மூவுலகையும் தொந்தியில் அடக்கி வைத்திருந்தும் ஒரு மோதகத்துக்கு மனமிரங்கும் வேழமுகத்துப் பெருமானே, தீனியைப் பற்றி எழுதத் துணிந்தேன்; சொல்லில் பிழை வாராமல் காத்தருள்க. தில்லையம்பலத்து ஐயனே, இதைப் படித்து நின் அடியார் எவரேனும் சினந்தால் நீயே எனக்காகப் பரிந்து பேசுக. யுவ ஆண்டு, சித்திரைத் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, திருவாதிரை கூடிய வியாழக்கிழமையாகிய இந்நன்னாளில், மலாக்கா மாநிலத்துச் சிம்பாங் அம்பாட்டிலிருந்து, காரைக்கால் எல்லையோரத்து எம் ஊரார்க்கும், என்னைப் போலக் கடல் கடந்து வந்து பிள்ளைகள் வீட்டில் தங்கியிருக்கும் முதியோர்க்கும் எழுதுவது.

இங்கே காலைப்பொழுது ஒரு மோட்டார் சைக்கிளின் ஊதலோடு தொடங்குகிறது. வருகிறவர் ரொட்டிக்காரர். தாமான் என்று இந்நாட்டார் அழைக்கும் வரிசை வீட்டுக் குடியிருப்பில் எங்கள் வீடு. அவர் வாயிலுக்கு வாயில் நின்று ரொட்டி கொடுத்துப் போவார். வந்த புதிதில் இதைக் கண்டு என் நெஞ்சு பதைத்தது. எம் ஊரில் ரொட்டி காய்ச்சல்காரர் உணவு. ரொட்டிப் பொட்டலத்தோடு ஒருவன் தெருவில் போனால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று நாலு வீட்டார் வழிமறித்துக் கேட்பார்கள். இங்கோ ஏறக்குறைய எல்லா வீட்டாரும் வாங்கினர். தெருவே படுத்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். அடுத்த வீட்டு மலாய் அம்மையாரிடம், அவர் கையிலிருந்த ரொட்டியைச் சுட்டி, மகன் கற்பித்திருந்த ஒரே மலாய்ச் சொல்லான "சாக்கிட்?" என்பதைக் கேட்டேன். நோயா என்பது பொருள். அவர் என் ஒட்டிய கன்னத்தையும் துருத்திய விலா எலும்பையும் பார்த்தார். நோயாளி நான்தான் என்று கொண்டார். அரை மணிக்குள் ஒரு கிண்ணம் கஞ்சி வந்தது. அதன் மேல் நெத்திலி மீன்கள் வரிசையாகப் படுத்து என்னையே நோக்கின. திகைத்துக் கைகூப்பினேன். கூப்பியதை நன்றி என்று எடுத்துக்கொண்டு அம்மையார் மறுநாள் இரண்டு கிண்ணம் கொண்டு வந்தார். மகன் போய் விளக்கும்வரை அந்த அன்பு பெருகிக்கொண்டேதான் இருந்தது.

முப்பத்தோராண்டு எம் ஊர்ச் சிவன் கோயிலில் பதிகம் பாடிப் பிழைத்தவன் நான். பாட்டுக்குக் குரல் போதவில்லை என்று ஊரார் சொல்வதற்கு முன் நானே சொல்லிக்கொண்டு விலகினேன். மனைவி காலமானபின், இங்கே ஆலையில் பொறியாளனாக இருக்கும் மகன் குமரன் என்னை அழைத்துக்கொண்டான். அவன் மணந்திருப்பது இந்நாட்டுப் பெண்ணை. சாந்தி என்று பெயர். பெயருக்கேற்ற குணமில்லை; நல்லவேளை. அவள் தாய் அஞ்சலை அம்மாள் பக்கத்து எஸ்டேட்டில் இன்றும் ரப்பர் மரம் வெட்டுகிறார்; பட்டையைச் சீவிப் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மருமகள் வீட்டில் மீன் உண்டு, கோழி உண்டு. ஆகவே நான் வந்த அன்றே பின்கட்டில் எனக்கென்று ஓர் அடுப்பு, எனக்கென்று நாலு பாத்திரம், அவற்றை எவரும் தொடலாகாது என்று ஓர் ஆணை, எல்லாம் நிறுவினேன். சாந்தி அந்த எல்லையை எந்நாட்டுக் குடிநுழைவு அதிகாரியையும்விட நேர்மையாக மதித்தாள். நான் அதை என் ஆசாரத்தின் பெருமை என்று எண்ணியிருந்தேன். அவளுடைய பொறுமை என்று உணரச் சில மாதங்கள் சென்றன.

சென்ற தையில் அவள் கருவுற்றாள். முந்திய ஆண்டு ஒரு கரு மூன்றாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அதனால் வீட்டில் யாரும் வாய்விட்டு மகிழவில்லை. உரக்கத் தும்மக்கூட அஞ்சினோம். மூன்றாம் மாதம் பிறந்ததும் அவளுக்குச் சோறு ஆகவில்லை, கஞ்சி ஆகவில்லை, நான் பெருமையோடு வார்த்த இட்டிலியின் ஆவி பட்டாலே குளியலறைக்கு ஓடினாள். எடை இறங்கியது. கிளினிக் டாக்டர் அம்மையார், "இன்னும் எறங்குனா ஆஸ்பத்திரியில சேத்துதான் ட்ரிப் ஏத்தணும். போன தடவ மாதிரி ஆயிடக் கூடாது" என்று சொல்லி, பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி வரச் சொன்னார்.

அவள் வயிற்றில் நின்றது ஒன்றே ஒன்று. முட்டையையும் டின் பாலையும் அடித்துக் கலந்து, அதில் ரொட்டித் துண்டை நனைத்து, மார்ஜரின் விட்டு இருபுறமும் சிவக்கச் சுடும் பண்டம். சிறுமியாயிருந்தபோது எஸ்டேட்டில் அவள் தாய் சுட்டுக் கொடுத்தது. தாய் அதை முட்டை ரொட்டி என்கிறார். என் மகன் படித்தவனாகையால் பிரெஞ்சு டோஸ்ட் என்கிறான். இந்தப் பெயரை எண்ணி நான் வியந்ததுண்டு. காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது அவர்கள் கொடியைக் கண்ணால் கண்டவன் நான். இந்தப் பண்டத்தைக் கண்டதில்லை. மலாக்காவையோ போர்த்துக்கீசியர் ஆண்டனர், டச்சுக்காரர் ஆண்டனர், ஆங்கிலேயர் ஆண்டனர். பிரெஞ்சுக்காரர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஆண்ட இடத்தில் கொடியை நட்டுவிட்டு, ஆளாத இடத்தின் சமையலறையில் பெயரை நட்டுவிட்டுப் போன கூட்டம் அது ஒன்றுதான் போலும்.

யார் சுடுவது என்பதுதான் சிக்கல். சாந்திக்குப் பச்சை முட்டை வாடை ஆகாது. குமரனை ஆலைப் பேருந்து ஐந்தரைக்கே ஏற்றிக்கொண்டு போய்விடும். அஞ்சலை அம்மாள் விடியுமுன் மரம் வெட்டப் போனால், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வர மணி பதினொன்றாகும். முதல்நாள் மாலையே சுட்டு அனுப்பிப் பார்த்தார். ஆறிய ரொட்டி வாய்க்குள் போன வேகத்தில் திரும்பிற்று. சூடாக வேண்டும், எழுந்த உடனே வேண்டும். அந்த நேரத்தில் அவ்வீட்டில் காலும் கையும் நேராக இருந்த ஒரே ஆள், திருநீறு பூசி, முட்டையைப் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்ளும் நான்.

இரண்டு நாள் அவள் வெறும் வயிற்றில் ஓங்கரிப்பதைப் பின்கட்டிலிருந்து கேட்டேன். மூன்றாம் நாள் பூசையில் பாட்டு ஓடவில்லை. உயிர்க்கெல்லாம் உணவளிக்கும் கருணையைப் பாடும் வாய், ஓர் உயிருக்கு உணவில்லை என்று கேட்டும் தாளம் தவறாமல் பாடுமானால் அந்த வாயில் ஏதோ பழுதிருக்கிறது. எழுந்து மேல்துண்டைப் போட்டுக்கொண்டு சீனர் மளிகைக் கடைக்குப் போனேன்.

தவுக்கே என்று எல்லாரும் அழைக்கும் அந்தக் கடைக்காரர் எஸ்டேட் மக்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார்; இந்நாட்டு வழக்கப்படி பேச்சின் வாலில் ஒரு "லா" ஒட்டியிருக்கும். முட்டை வேண்டும் என்று நான் கேட்டதும் அவர் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு தம் காதைச் சந்தேகித்தார்.

"ஐயா, முட்டையா? உனக்கா?"

"ஆமாம். உயிர் இல்லாததாகப் பார்த்துக் கொடுங்கள்."

நான் கேட்டது ஆன்மிகம். அவருக்குப் பட்டது பழி. தம் சரக்கைக் கெட்டுப்போனது என்கிறேன் என்று எண்ணி முகம் சிவந்தார். "எங்க கடையில கெட்ட முட்டை இல்ல லா! நீ வா, நீ பாரு!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். ஓட்டையிட்ட ஒரு தகர டப்பாவுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓட்டையின் மேல் ஒரு முட்டையை வைத்தார். முட்டை முழுவதும் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. "பாத்தியா? கிளியர்!" என்றார். கருவறை இருளில் ஒற்றை விளக்கைப் பார்த்துப் பாடியே பழகிய கண்களுக்கு அந்த ஒளி அன்னியமாகத் தோன்றவில்லை. ஒவ்வொன்றாகப் பத்து முட்டையையும் விளக்கில் காட்டினார். தீபாராதனைக்குக்கூட நான் இவ்வளவு நேரம் கண்கொட்டாமல் நின்றதில்லை.

வீடு வந்து சாந்தியின் அடுப்பின் முன் நின்றேன். அவள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருந்தே ஆணையிட்டாள்.

"மாமா, மொத முட்டைய ஒடைங்க!"

நான் வாழ்நாளில் உடைத்தது ஒன்றே, தேங்காய். தேங்காயை ஐயத்தோடு உடைத்தால் கோணலாகும்; மனத்தை ஒருமுகப்படுத்தி ஒரே அடியாக அடிக்க வேண்டும். அவ்வாறே மனத்தை ஒருமுகப்படுத்தினேன். அரிவாளின் பின்புறத்தால் ஒரே அடி. சிதறு தேங்காய்க்கு இருக்க வேண்டிய எல்லா இலக்கணமும் அதற்கு இருந்தது. சுவரில், தரையில், முட்டைக்காகக் கழற்றி மாட்டிய என் உத்திராட்சம் தொங்கும் ஆணியில், எங்கும் மஞ்சள்.

"என்ன மாமா சத்தம்?"

"ஒன்றுமில்லை அம்மா. முதல் முட்டை பிள்ளையாருக்கு."

உள்ளே அவள் சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்து நான் கேட்டது அதுவே முதல். "கரண்டியால மெதுவா தட்டுங்க மாமா, கதவு தட்டுற மாரி!" என்றாள். கதவு தட்டுவதுபோல் தட்டினேன், திறந்தது.

இன்னொரு பிழையும் செய்தேன். கோயில் மடைப்பள்ளி வழக்கப்படி, இறைவனுக்குப் படைக்குமுன் சமைத்ததை ருசி பார்க்கலாகாது. முட்டையை நான் ருசி பார்க்கவும் போவதில்லை. ஆகவே உப்பை நம்பிக்கையின் பேரில் போட்டேன். சாந்தி ஒரு கடி கடித்துவிட்டு, "மாமா, இது ரொட்டியா, கோலா சுங்கை பாரு கடலா?" என்றாள். ஆனாலும் இரண்டு துண்டும் தின்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவருகே நின்றேன். கால் மணி, அரை மணி, முக்கால் மணி. குளியலறைக் கதவு திறக்கவில்லை. எத்தனையோ கும்பாபிஷேகங்களில் நீர் வார்க்கும் அந்த நொடிக்காகக் காத்து நின்றிருக்கிறேன், அவை எதுவும் இவ்வளவு நீண்டதில்லை.

பதினொரு மணிக்கு வந்த அஞ்சலை அம்மாள், ரப்பர் பால் மணக்கும் உடையோடு சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் நான் துடைக்கத் தவறிய இடத்தை விரலால் சுரண்டினார். "நான் மொத மொத மரத்துல கத்தி வெச்ச அன்னிக்கிகூட இப்படி ஒரு அடி அடிக்கல சம்பந்தி! எங்க வேலைய மேற்பாக்குற மண்டோரு பாத்திருந்தா உங்களுக்கு அன்னிக்கே சீட்டு கிழிச்சிருப்பாரு." பிறகு மீதியிருந்த துண்டைத் தின்று முடித்தார். போகும்போது, "உப்பு பரவால்ல" என்றார்.

நாளடைவில் கை பழகிற்று. எவ்வளவு நேரம் சுட வேண்டும் என்பதற்குக் கடிகாரம் எனக்கு உதவவில்லை, பதிகம் உதவிற்று. நிதானமான பண்ணில் ஒரு பாட்டுப் பாடி முடித்தால் ஒரு பக்கம் சிவந்திருக்கும். திருப்பிப் போட்டு அடுத்த பாட்டு. பதிகத்துக்குப் பதினோரு பாட்டு. பத்துப் பாட்டுக்கு ஐந்து துண்டு: சாந்திக்கு இரண்டு, சம்பந்தி அம்மாளுக்கு இரண்டு, திருப்பும்போது உடைந்துபோகக்கூடியது ஒன்று. பாடுவோர் அடையும் பயனைச் சொல்லும் பதினோராம் பாட்டு அடுப்பை அணைத்துக் கரண்டியைக் கழுவ. தொடக்கத்தில் பூசைக்கு முன் ஒரு குளியல், முட்டைக்குப் பின் ஒரு குளியல் என்று இருந்தேன். இரண்டாவது குளியல் எந்த நாளில் நின்றுபோயிற்று என்று நினைவில்லை.

இந்நிலையில் பங்குனித் திருவிழா வந்தது. இங்குள்ள அம்மன் கோயிலில் வெள்ளிதோறும் நான் பாடுவதுண்டு. இந்த நாட்டில் எனக்கென்று ஒரு முகவரி உண்டென்றால் அதுதான். வீட்டில் குமரனுடைய அப்பா, தெருவில் கஞ்சி குடிக்காத கிழவர். கோயிலில் மட்டும் ஓதுவார் ஐயா. திருவிழாவில் பத்து நாளும் பாட வேண்டும். பாடுகிறவர் முதல் நாள் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். காப்புக் கட்டியவர் வீட்டில் அந்தப் பத்து நாளும் கவிச்சி புகையக்கூடாது, முட்டையும் கவிச்சியே. இதை எனக்குச் சொல்ல வேண்டியவர் கோயில் தலைவர். அவரிடம் இரண்டு லாரிகளும், ஒரு மைக்கும் உண்டு. லாரிகளைப் பிறர் ஓட்டுவர். மைக்கை எவரிடமும் கொடுக்கமாட்டார்.

கிளினிக்குக்குப் போகும் நாள் காப்பின் நான்காம் நாளில் விழுந்தது. காப்புக் கட்டும் மாலை, கூட்டம் நிறைந்திருந்தது. தலைவர் மைக்கைப் பிடித்து, "ஊர்லேர்ந்து வந்த நம்ப ஓதுவாரு ஐயாவுக்குத்தான் மொத காப்பு. ஐயா, கைய நீட்டுங்க" என்றார். நீட்டினேன். பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்தார். கயிறு மணிக்கட்டைத் தொட்டதும், குளியலறையில் ஓங்கரிக்கும் ஓசைதான் என் காதில் கேட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

"தலைவரே, ஒரு சங்கதி. வீட்டுல மருமக பிள்ளைத்தாய்ச்சி. காலையில முட்டை போட்ட ரொட்டி ஒண்ணுதான் அவ வயித்துல தங்குது. அத நான்தான் சுடறேன்."

தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். ஆனால் மைக் அணைக்கப்படவில்லை. கோபுரத்து ஒலிபெருக்கி நான்கும் என் வாக்குமூலத்தைத் தாமான் முழுவதும் ஓதின.

தலைவர் திடுக்கிட்டார். "நீங்களா சுடுறீங்க? உங்க கையாலயா?"

"என் கையாலதான்."

"ஐயா, பத்து நாள்தானே லா? பிஸ்கட்டு கிஸ்கட்டு குடுத்துச் சமாளிங்க. அம்மா பாத்துக்குவா."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. அஞ்சலை அம்மாள். "பத்து நாள் பிஸ்கட்டு நீங்க தின்னு பாருங்க தலைவரே! நேத்து சாயங்காலம் வரைக்கும் கோலா சுங்கை பாருல சுட்ட மீன் தின்னுட்டு, இன்னிக்கி காலையில குளிச்சு சுத்தமாயிட்டவருதானே நீங்க!"

அதையும் மைக் விடாமல் பிடித்துக்கொண்டது. சிரிப்பலை அடங்க நேரமாயிற்று. தலைவர் மைக்கைக் கையால் பொத்தினார். அவர் அதைப் பொத்தி ஊரார் கண்டது அன்றுதான். "அப்படின்னா இந்த வருசம் கேசட்டுதான் ஐயா. என்ன தப்பா நெனச்சுக்காதீங்க, விதி அப்படி" என்றார். நான் அவரைத் தவறாக நினைக்கவில்லை. விதியை மாற்றும் அதிகாரம் எனக்கும் இல்லை. சன்னிதியில் விழுந்து வணங்கி, வெறுங்கையோடு வெளியேறினேன்.

சாந்தி வாயிற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எல்லாம் கேட்டுச்சு மாமா. ஸ்பீக்கருல. எதுக்கு மாமா கைய இழுத்தீங்க? நான் எப்படியாச்சும் சமாளிச்சிருப்பேன்ல?"

"நாளைக்கு எத்தனை துண்டு அம்மா?"

"...ரெண்டு."

உள்ளே போய்விட்டேன். சிறிது நேரம் கழித்துப் பின்கட்டு வாயிலில் வந்து நின்று, "மூணு" என்றாள். உடைந்துபோகும் ஐந்தாம் துண்டுக்கு அன்றுமுதல் உரிமையாளர் கிடைத்தார்.

கேசட் இரண்டு நாள் ஒழுங்காகப் பாடிற்று. மூன்றாம் நாள் நாடா சிக்கிக்கொண்டு, பாட்டு இழுத்து இழுத்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அம்மன் முன்னே அருளாட வந்தவர்கள் அந்தத் தாளத்துக்கு ஆட முடியாமல் ஒதுங்கிக்கொண்டனராம். நான்காம் நாள் காலை நாங்கள் கிளினிக்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது தலைவர் வந்தார். செயற்குழு கூடிப் பேசியதாகச் சொன்னார். காப்பில்லாதவர் கொடிமரத்துக்கு உள்ளே பாடத்தான் தடை; வெளியே நின்று பாடினால் விதியில் ஒன்றுமில்லையாம். "மைக் வயர் நீளமா இருக்கு ஐயா" என்றார். தலைவர் தம் மைக்கைப் பிறர் கையில் கொடுக்க முன்வந்தது எவ்வளவு பெரிய தியாகம் என்பதை நான் அறிவேன். வந்து சொல்கிறேன் என்றேன். அந்நேரம் எனக்கு அம்மன் சன்னிதியைவிடக் கிளினிக்கின் எடைப்பொறியே பெரிதாக இருந்தது.

சாந்தி செருப்பைக் கழற்றிவிட்டுப் பொறிமேல் ஏறினாள். முள் ஆடிற்று, தயங்கிற்று, நின்றது. தாதி பழைய அட்டையைப் பார்த்தாள். மீண்டும் முள்ளைப் பார்த்தாள். "அரைக் கிலோ ஏறியிருக்கு" என்றாள். டாக்டர் அம்மையார் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சாந்தி என்னைச் சுட்டினாள். டாக்டர் என் நெற்றியைப் பார்த்து, "பிரசாதமா?" என்றார். இல்லை என்று மறுக்க வாய் வரவில்லை; ஆம் என்று சொல்லவும் துணிவில்லை. தலையை இருபுறமும் ஆட்டினேன். அவருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலைமுதல் திருவிழா முடியும்வரை கொடிமரத்துக்கு வெளியே, அடியார்களின் செருப்புகள் குவிந்த இடத்தில் நின்று பாடினேன். நான் வெளியே இருந்தேன். குரல் மட்டும் கம்பி வழியே உள்ளே போய் அம்மனைக் கண்டு வந்தது. சென்ற வாரம் சாந்தி, "இப்ப வாடை ஆகுது மாமா. இனிமே நானே சுட்டுக்கிறேன் லா" என்றாள். ஐந்தாம் மாதம் பிறக்கட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். கரண்டியைக் கொடுக்க மனமில்லை என்பதே மெய்.

ஊரிலிருந்து ஓரன்பர், கடல் கடந்தும் ஆசாரம் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. இங்கே மணி ஏழாகும்போது எம் ஊரில் நாலரை. என் இடத்துக்கு வந்திருக்கும் இளையவர் அந்நேரம் குளித்து ஈர வேட்டியோடு சன்னிதி முன் நின்று, திரைக்குப் பின்னே துயிலும் ஐயனை எழுப்பப் பாடத் தொடங்குவார். முப்பத்தோராண்டு அந்த நொடியில் வாய் திறந்தவன் நான். அது இன்றும் அந்த நொடியில்தான் திறக்கிறது. இந்த அடுப்பின் முன் நின்று அந்தத் திரைக்காகப் பாடுகிறேன். அங்கே திரை விலகும் இடம் வரும்போது என் கை ரொட்டியைத் திருப்புகிறது. யார் எழுந்தார் என்று பார்க்க அங்கே நான் இல்லை. இங்கே, படுக்கையறைக் கதவைத் திறந்துகொண்டு பசியோடு எழுந்து வருகிறாள் சாந்தி.

இதைப் படித்தோர் இல்லங்களில் உலை ஓயாதிருக்கட்டும். கருவுற்ற மகளிர் உண்டது உடலில் ஒட்டட்டும். பிறக்கும் பிள்ளைகள் எந்நாட்டு மண்ணில் விழுந்தாலும் தாய்மொழியில் அழட்டும். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள நீங்கள் அனைவரும் அம்மையப்பன் அருளால் பசியின்றி, பிணியின்றி, நீடு வாழ்க.